மோன் பிளாங்கில் இருவர்

பனி என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் பலவற்றைச் சொல்லிவிடுகிறோம். மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி. மலைப்பாதையில் எதிரே வருபவரை மறைப்பதும் பனி. ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் ஆளுயரத்துக்கு மேல் குவிந்து கிடப்பதும் பனிதான். அந்த மூன்றாவது பனியை வாழ்நாளெல்லாம் மிதித்து நடக்க நேர்ந்தவர்களுக்கு இந்த ஒரு சொல் போதாது. பருவத்துக்கும் பொழுதுக்கும் ஏற்ப அதன் குணம் மாறும் என்பதும், அந்த மாற்றத்தை அறியாதவர் உயிரோடு திரும்புவது அரிது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

குளிர்காலத்தில் புதிதாக விழும் பனி இலவம்பஞ்சு போன்றது. கால் வைத்தால் இடுப்பளவு புதையும். இளவேனில் வந்ததும் பகல் வெயிலில் அது சற்றே உருகுகிறது, இரவுக் குளிரில் மீண்டும் உறைகிறது. இப்படி நாள்தோறும் உருகி உறைந்து, தூளாக இருந்தது பரல்களாகத் திரண்டு ஒன்றோடொன்று பிணைந்துகொள்கிறது. அத்தகைய பனி நள்ளிரவுக்குப் பின் கல்தரை போல் இறுகிக் கிடக்கும். அதன்மேல் எளிதாக நடந்து செல்லலாம். பனியாறுகளில் வாய்பிளந்து கிடக்கும் ஆழமான வெடிப்புகளின் மேல் குளிர்காலம் கட்டிவைத்த பனிப்பாலங்களும் அந்த நேரத்தில்தான் உறுதியாக இருக்கும். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் மாறிவிடுகிறது. இறுகிய தரை சேறாகிறது, பாலங்கள் தளர்கின்றன, சரிவுகள் பெயர்ந்து விழத் தொடங்குகின்றன. ஆகவேதான் இன்று இளவேனிலில் ஆல்ப்ஸ் ஏறும் சிறு குழுக்கள் நள்ளிரவு கடந்ததும் விளக்குகளோடு புறப்படுகின்றன. உச்சிவெயிலுக்கு முன்னரே அபாயமான சரிவுகளைக் கடந்து இறங்கிவிடப் பார்க்கின்றன.

இன்று பயிற்சி நூல்களின் முதற்பாடமாக இருக்கும் இந்த அறிவு, ஒருகாலத்தில் எவரிடமும் முழுமையாக இருக்கவில்லை. அதில் முக்கியமான ஒரு பகுதியை 1786ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஏறக்குறைய நாலாயிரம் மீட்டர் உயரத்தில், தனியாகக் கைவிடப்பட்ட ஒருவர் ஓர் இரவு முழுதும் விழித்திருந்து கற்றுக்கொண்டார். இரண்டு மாதங்களுக்குப் பின் அவரும் இன்னொருவரும் சேர்ந்து மேற்கு ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கின் உச்சியில் நின்றார்கள். ஏறியவர்கள் இருவர் என்பதில் அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. ஆனால் அந்த இருவரையும் ஒன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வரலாற்றுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தக் கதையைத்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

*

மோன் பிளாங்கின் வடக்கு அடிவாரத்தில், ஏறக்குறைய 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஷமோனி. இன்று பிரான்சைச் சேர்ந்த அவ்வூர் அன்று சவாய் பகுதியில், டூரினைத் தலைநகராகக் கொண்ட சார்டீனிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. மக்கள் மாடு வளர்த்தார்கள். வரையாடு போன்ற ஷமுவா என்னும் விலங்கை வேட்டையாடினார்கள். பாறை இடுக்குகளில் விளையும் படிகக் கற்களை எடுத்து விற்றார்கள். தலைக்கு மேலே நின்ற வெண்சிகரம் அவர்களுடைய பிழைப்பில் எந்த இடமும் பெற்றிருக்கவில்லை. அங்கே மேய்ச்சலும் இல்லை, வேட்டையும் இல்லை. எனவே போக வேண்டிய தேவையும் இல்லை.

தேவை வெளியிலிருந்து வந்தது. 1741இல் வில்லியம் விண்டம், ரிச்சர்டு போகாக் என்னும் ஆங்கிலேயர் இருவர் ஷமோனிக்கு வந்து அங்குள்ள பனியாற்றைப் பார்த்துவிட்டுப் போய் எழுதினார்கள். பார்க்க வருபவர் கூட்டம் பெருகியது. 1760இல் ஜெனீவாவிலிருந்து வந்த ஓராஸ் பெனெடிக்ட் டி ஸோஸூர், அப்போது இருபது வயது இளைஞர், பின்னாளில் பெரும் அறிவியலாளராக அறியப்பட்டவர். அவர் எதிரே நின்ற வெண்சிகரத்தை நெடுநேரம் பார்த்தார். அதன் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்துவிட்டு ஊர் திரும்பினார்.

பரிசு கால்நூற்றாண்டுக் காலம் எடுப்பாரின்றிக் கிடந்தது. முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1775இல் உள்ளூர் வழிகாட்டிகள் சிலர் முயன்று திரும்பினார்கள். 1783இல் மூவர் போனார்கள். பனிவெளியின் நடுவே வெயிலின் வெம்மையும் கூச்சமும் தாளாமல் அவர்களில் வலியவராக இருந்தவருக்கே தூக்கம் கண்ணைச் சுழற்றியது, உணவும் இறங்கவில்லை. இனிமேல் அங்கே போவதானால் சோறு கட்டிக்கொண்டு போவதில் பயனில்லை, ஒரு குடையும் ஒரு வாசனைப் புட்டியும் போதும் என்று அவர் பின்னர் சொன்னதாக ஸோஸூரின் எழுத்தின் வழி நமக்குத் தெரிகிறது. வேடிக்கையாகத் தோன்றும் இப்பேச்சு ஒரு துல்லியமான அவதானிப்பு. பனிமலையில் அவர்களை வென்றது குளிர் அன்று, நண்பகல்.

நண்பகலில் ஏன் அங்கே இருந்தார்கள்? இரவை அஞ்சியதால். அவ்வளவு உயரத்தில் பனியின்மீது இரவு தங்கினால் விடியலைக் காண முடியாது என்பது பள்ளத்தாக்கில் எல்லாருடைய நம்பிக்கையுமாக இருந்தது. பனிவெளியில் கால் வைக்கும் எவரும் அன்று இருட்டுவதற்குள் பாறைக்குத் திரும்பியாக வேண்டும். உச்சியோ அவர்களது கடைசிப் பாறைத் தங்கலுக்கு மேல் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் நின்றது. ஏறி இறங்க ஒரு பகல் போதவில்லை. அந்தப் பகலிலும் பனி மிக மோசமாக இளகியிருக்கும் பொழுதில்தான் அவர்கள் மிகக் கடினமான இடத்தில் இருக்க நேர்ந்தது. மலையைக் காத்து நின்றது இந்த அச்சம்தான் என்று சொன்னால் மிகையாகாது.

*

ஜாக் பல்மா 1762இல் ஷமோனியை அடுத்த லெ பெலரின் என்னும் சிற்றூரில் பிறந்தவர்; வேட்டையும் படிகக்கல் தேடலும் தொழில். 1786 ஜூனில் ஷமோனி வழிகாட்டிகள் இரண்டு குழுக்களாகப் பிரிந்து இரண்டு வழிகளில் ஏறினார்கள். டோம் டு கூத்தே என்னும் பெரிய பனிமேட்டுக்கு எந்த வழி விரைவானது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நோக்கம். பல்மா அழையா விருந்தாளியாக அவர்களோடு சேர்ந்துகொண்டார். பரிசுக்குப் போட்டியாக வந்தவரை மற்றவர்கள் விரும்பவில்லை. மேட்டை அடைந்ததும் மேற்கொண்டு போக வழியில்லை என்று முடிவுசெய்த அவர்கள், சற்று விலகிச் சென்றிருந்த பல்மாவுக்காகக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டார்கள்.

பல்மா திரும்பி வந்து பார்த்தபோது எவருமில்லை. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பாதுகாப்பான பாறைக்கு இறங்க நேரம் போதாது. அவர் பெரிய பனிவெளியிலேயே இரவைக் கழித்தார். பைக்குள் இருந்ததைத் தவிர வேறு போர்வை இல்லை. விடியும்வரை கையையும் காலையும் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். விடிந்தது, அவர் உயிரோடு இருந்தார்.

ஒரு மனிதர் ஓர் இரவு பிழைத்திருந்தார் என்பது சிறிய செய்திதான். ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் நம்பிக்கையை அது ஓர் இரவில் பொய்யாக்கியது. இனிமேல் இருட்டுக்கு அஞ்சி ஓட வேண்டியதில்லை. விடியலுக்கு முன்பே புறப்படலாம், மாலைவரை ஏறலாம், நிலவொளியில் இறங்கலாம். மோன் பிளாங்கின் வழி திறந்தது ஆகஸ்டில் அன்று, அந்த ஜூன் இரவில்தான் என்று கருத இடமிருக்கிறது.

கீழே இறங்கிய பல்மாவின் முகம் பனிவெயிலில் வெந்திருந்தது என்றும், மருந்துக்காக அவர் ஊர் மருத்துவரிடம் போனார் என்றும், அங்கேதான் இருவரும் சேர்ந்து போவதென்று பேசிக்கொண்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. மருத்துவரின் பெயர் மிஷேல் கப்ரியேல் பக்கார். 1757இல் ஷமோனியில் ஒரு பத்திரப் பதிவாளரின் மகனாகப் பிறந்து டூரினில் மருத்துவம் பயின்றவர். தாவரங்களிலும் பாறைகளிலும் ஈடுபாடு கொண்டவர். பரிசுப் பணத்தை நாடியவரல்லர். காற்றழுத்தமானியை உச்சிவரை கொண்டுபோய் உயரத்தை அளக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். சில ஆண்டுகளாகவே ஊரிலிருந்து தொலைநோக்கியால் மலையின் ஒவ்வொரு சரிவையும் ஆராய்ந்து வந்தார். தாமும் சிலமுறை ஏறிப் பார்த்துத் திரும்பியிருந்தார். எல்லாரும் மேற்கே இருந்த மேட்டின் வழியாகவே முயன்றபோது, பெரிய பனிவெளியிலிருந்து நேரே இடப்புறமாக ஏறும் செங்குத்தான பனிச்சரிவு ஒன்று அவர் கண்ணில் பட்டிருந்தது.

ஆக, ஒருவரிடம் இரவைப் பற்றிய அறிவு இருந்தது. மற்றவரிடம் வழியைப் பற்றிய கணிப்பு இருந்தது. குழு என்று சொல்லத்தக்க மிகச் சிறிய குழு உருவாயிற்று.

*

1786 ஆகஸ்ட் 7ஆம் நாள் பிற்பகலில் இருவரும் புறப்பட்டார்கள். இரண்டு பனியாறுகளுக்கு இடையே நீண்டிருக்கும் பாறைமுகட்டின் உச்சியில் அன்றிரவு படுத்தார்கள். மறுநாள் அதிகாலை 4 மணியளவில் பனியில் இறங்கினார்கள்.

அவர்களிடம் கயிறு இல்லை. பனிக்கோடரி இல்லை. காலணியில் மாட்டும் இரும்பு முட்கள் இல்லை. ஏணியும் இல்லை. நுனியில் இரும்புப் பூண் போட்ட நீண்ட கழிகள் இருந்தன. கோடையின் பிற்பகுதி என்பதால் இளவேனிலில் தடித்திருந்த பனிப்பாலங்கள் மெலிந்திருந்தன. அவற்றின்மேல் கழிகளைக் குறுக்கே கிடத்தி, உடலின் பாரத்தைப் பரப்பி, ஊர்ந்து கடந்தார்கள். புதைபனியில் முன்னே செல்பவர் தடம் மிதிக்க வேண்டும். பின்னே வருபவர் அத்தடத்தில் கால் வைக்க வேண்டும். முன்னே செல்பவர் விரைவில் களைத்துப்போவார். இருவர் மட்டுமே உள்ள குழுவில் இந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளாமல் ஒருவர் உச்சியை எட்ட முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எழுந்த வழக்கின் உயிர்நாடி இதுவே.

பெரிய பனிவெளியை அடைந்து, பக்கார் கணித்திருந்த செங்குத்துச் சரிவில் ஏறினார்கள். காற்று மருத்துவரின் தொப்பியைப் பறித்துக்கொண்டு போயிற்று. மாலை 6:23க்கு உச்சியில் நின்றார்கள். புறப்பட்டு 14 மணி நேரத்துக்கு மேலாகிவிட்டிருந்தது. 34 நிமிடங்கள் அங்கே இருந்தார்கள். மருத்துவர் தம் கருவிகளில் அளவுகளைப் பார்த்தார். பிறகு நிலவொளியில் இறங்கிப் பாறைக்கு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு நெருங்கியிருந்தது. மறுநாள் காலையில் பக்காருக்குப் பனிக்கூச்சத்தால் கண் தெரியவில்லை. பல்மாதான் அவரை வழிநடத்திக் கீழே கொண்டுவந்தார். வீடு திரும்பிய பல்மாவை அவருடைய கைக்குழந்தையின் சாவுச் செய்தி எதிர்கொண்டது. இருவரும் உச்சியில் நின்ற அதே நாளில் குழந்தை இறந்திருந்தது.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். இங்கேதான் தொடங்கியது.

*

ஜெனீவாப் பேராலயத்தின் பாடகர் குழுத் தலைவர் மார்க் தியோடோர் பூரி ஓவியரும் எழுத்தாளரும் ஆவார். ஆல்ப்ஸ் மலைகளை ஐரோப்பிய வாசகருக்கு அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர். மோன் பிளாங்கின் மேல் தீராத காதல் கொண்டு பலமுறை முயன்று ஒருமுறையும் உச்சியைக் காணாதவர். 1783இல் பக்காருடன் சேர்ந்து முயன்று திரும்பியவரும் அவரே. தம்மால் எட்ட முடியாத உச்சியை ஊர் மருத்துவர் எட்டிவிட்டார்; அதைப் பற்றி நூலெழுதவும் போகிறார் என்னும் செய்தி அவரைச் சுட்டிருக்க வேண்டும். 1786 செப்டம்பரில் அவர் ஒரு கடிதத்தை அச்சிட்டு வெளியிட்டார். அதில் வழி கண்டவர் பல்மா, துணிந்தவர் பல்மா, உச்சியை முதலில் தொட்டவர் பல்மா. மருத்துவர் பின்னால் இழுத்து வரப்பட்டவர். கடிதம் ஐரோப்பா முழுதும் பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அச்சேறிய வாயை மூட எதுவுமே இல்லை.

பக்கார் தம் தரப்பைச் சொல்ல இரண்டு வழிகளை நாடினார். ஒன்று, முன்பணம் திரட்டி வெளியிடுவதாக அறிவித்த நூல். அது வெளிவரவேயில்லை, கையெழுத்துப் படியும் காணாமல் போயிற்று. மற்றொன்று, சாட்சிகளின் முன்னிலையில் பல்மா கையொப்பமிட்ட வாக்குமூலம். வழியைத் தேர்ந்தவர் மருத்துவர்தான் என்றும், அவர் தம் கால்களாலேயே உச்சிக்கு வந்தார் என்றும் ஒப்புக்கொண்ட அந்த வாக்குமூலம் 1787இல் லோசான் நகரத்து இதழில் அச்சாயிற்று. ஆனால் வெற்றுத்தாளில் வாங்கிய கையொப்பம் என்றொரு மறுப்பும் கிளம்பியது. கடிதத்தைப் படித்தவர் எல்லாரும் வாக்குமூலத்தைப் படித்திருக்க மாட்டார்கள். படித்தவரும் கதை சுவையாக இருந்த பக்கமே சாய்ந்தார்கள்.

ஸோஸூரின் பரிசு பல்மாவுக்குப் போயிற்று. சார்டீனிய மன்னர் அவருக்குப் பணமும், பெயரோடு 'மோன் பிளாங்' என்பதைச் சேர்த்துக்கொள்ளும் சிறப்பும் அளித்தார். 1787 ஜூலையில் பல்மா வேறு இரு வழிகாட்டிகளோடு மீண்டும் உச்சிக்குப் போய் வந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 3இல் ஸோஸூர் தாமே 18 வழிகாட்டிகளோடு ஏறினார். வழியில் அவர்கள் பனியின் மேலேயே கூடாரமடித்து ஓர் இரவு தங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓராண்டுக்கு முன் சாவென்று கருதப்பட்ட ஒன்று, ஓராண்டுக்குள் பயணத் திட்டத்தின் ஒரு வரியாகிவிட்டது. தனியாக விடப்பட்ட அந்த ஜூன் இரவின் கொடை அது.

பக்கார் 1827இல் இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1832இல், நாவலாசிரியர் அலெக்ஸாந்தர் டூமா ஷமோனிக்கு வந்து எழுபது வயதுப் பல்மாவைச் சந்தித்து, மதுவை ஊற்றிக் கொடுத்துக் கதை கேட்டார். பேசத் தெரிந்த முதியவரும் எழுதத் தெரிந்த இளைஞரும் சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. டூமாவின் பயணநூலில் மருத்துவர் வழியில் உட்கார்ந்துவிடுகிறார். பல்மா தனியாக உச்சியைத் தொட்டுவிட்டு, இறங்கி வந்து அவரை மேலே கூட்டிச் செல்கிறார். மறுக்க வேண்டியவர் மண்ணுக்குள் இருந்தார். அதற்குப் பின் எழுதிய பலரும் டூமாவையே பின்பற்றினார்கள். பல்மா 1834இல், பொன் தேடிப் போன ஒரு மலையில், பள்ளத்தில் விழுந்து மறைந்தார். 1887இல் ஷமோனியின் நடுவே சிலை எழுப்பப்பட்டபோது ஸோஸூர் நிமிர்ந்து பார்க்கிறார், பல்மா உச்சியைச் சுட்டிக்காட்டுகிறார். மூன்றாவது உருவத்துக்கு அந்தப் பீடத்தில் இடமில்லை.

*

இந்த வழக்கில் ஒரு மூன்றாவது சாட்சி இருந்தார். அவர் மலையேறவில்லை.

ஜெர்மனியின் கோர்லிட்ஸ் பகுதியிலிருந்து ஷமோனிக்கு வந்திருந்த அடோல்ஃப் டிராவ்காட் ஃபான் கெர்ஸ்டார்ஃப் 1786 ஆகஸ்ட் 8ஆம் நாள் ஊரில் நின்று தொலைநோக்கியால் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் எந்த இடத்தில், எந்த மணிக்கு இருந்தார்கள் என்பதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். சென்ற வழியை வரைந்தும் வைத்தார். அவருக்குப் பல்மாவோடும் பகையில்லை, பக்காரோடும் உறவில்லை. எவரையும் நிறுவ வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. பார்த்ததை எழுதினார், ஊர் திரும்பினார். அந்த நாட்குறிப்பு கோர்லிட்ஸில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆல்ப்ஸ் வரலாற்றாசிரியர்கள் கண்ணில் படாமல் கிடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் உள்ளடக்கம் வரலாற்றாய்வாளரின் பார்வைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹைன்ரிஷ் டூபி 1913இல் 'பக்கார் எதிர் பல்மா' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதி, கட்டுக்கதையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார். 1957இல் கிரஹாம் பிரவுனும் கவின் டி பீரும் சேர்ந்து எழுதிய ஆங்கில நூல் மிச்சமிருந்த ஐயங்களையும் பெரும்பாலும் தீர்த்தது. கெர்ஸ்டார்ஃபின் தொலைநோக்கி கண்டது இரண்டு மனிதர்களை. அவர்கள் இடையிடையே நின்று மூச்சு வாங்கி ஏறினார்கள்; இருவரும் சேர்ந்தே உச்சியை அடைந்தார்கள். ஒருவர் முதலில் போய்த் திரும்பி வந்து மற்றவரை அழைத்துச் சென்ற காட்சி அக்குறிப்பில் இல்லை. 1986இல், இருநூறாம் ஆண்டு நிறைவின்போது, ஷமோனியில் பக்காருக்கும் ஒரு சிலை எழுந்தது. பழைய சிலையிலிருந்து விலகி, தனியாக உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீதி கிடைத்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சற்று நிதானிக்க வேண்டும்.

பக்காரை மீட்டவர்கள் பலர் பல்மாவைப் பொய்யராகவும் பரிசுக்கு அலைந்தவராகவும் தாழ்த்தியே மீட்டார்கள். பூரி ஒருவரை உயர்த்த மற்றவரை இறக்கினார். பின்வந்தோர் இறங்கியவரை ஏற்றுவதற்கு ஏறியிருந்தவரை இறக்கினார்கள். பீடத்தில் ஒருவருக்கே இடம் என்னும் எண்ணம் மட்டும் மாறவில்லை. பல்மா தம் கைப்பட எழுதிவைத்த வரலாறு என்று எதுவும் நம்மிடம் இல்லை. அவருடைய குரலாக நாம் கேட்பதெல்லாம் முதலில் பூரியின் பகையின் வழியாகவும், பிறகு டூமாவின் கற்பனையின் வழியாகவும் வந்தவை. அந்தக் குரலில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு எழுதியவர்களுடையது என்று பிரித்தறிய இயலாத நிலையில், பொய் முழுவதையும் அவர் தலையில் கட்டுவது எளிது, ஆனால் முறையன்று. பக்காரின் பக்கத்திலும் இதே வெறுமைதான். நூல் தொலைந்துபோக, எஞ்சியிருப்பவை சில வரிக் குறிப்புகள் மட்டுமே. ஏறிய இருவரும் எழுதிய வரலாறு நமக்குக் கிட்டவில்லை. ஏறாதவர்கள் எழுதியவற்றைக் கொண்டே அவர்களை மதிப்பிட்டு வருகிறோம்.

இக்கதையைத் தமிழில் சொல்ல முற்படும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. மருத்துவரை 'அவர்' என்றும் வேட்டைக்காரரை 'அவன்' என்றும் எழுதக் கை தானாகவே போகிறது. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. படர்க்கைப் பெயரிலேயே ஒருவரின் தகுதியைத் தீர்மானித்துவிடும் வசதி அம்மொழிகளுக்கு வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்திருக்கிறது. படித்தவர், பட்டம் பெற்றவர், கருவிகளோடு போனவர் ஒருபுறம். வெறுங்கையோடு போனவர், பணத்துக்காகப் போனவர் மறுபுறம் என்னும் பாகுபாட்டை ஆராய்ச்சிக்கு முன்பே இலக்கணம் செய்துமுடித்துவிடுகிறது. இரு பெயர்களுக்கும் ஒரே விகுதியை இட்டு எழுதிப் பார்த்தால்தான், ஒருவரின் கணிப்பும் மற்றவரின் துணிவும் ஒரே வகை அறிவின் இரண்டு பக்கங்கள் என்பது புலப்படுகிறது. தொலைநோக்கியால் மூன்றாண்டு பார்த்துக் கற்றதும், பனியின்மேல் ஓர் இரவு உட்கார்ந்து கற்றதும் கல்விதான்.

பெருங்குழு ஏறினால் சாட்சிகள் பலர். ஒருவர் மிகைப்படுத்தினால் இன்னொருவர் திருத்துவார். ஸோஸூரின் 1787 ஏற்றத்தைப் பற்றி எவரும் வழக்காடவில்லை. சிறுகுழுவில் அப்படியன்று. இருவர் மட்டுமே போகும்போது ஒருவருக்கு மற்றவர் துணை மட்டுமல்லர்; ஒரே சாட்சியும் அவரே. பனிப்பாலத்தில் ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருப்பதைப் போலவே, ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருவரின் பெயர் மற்றவரின் நாவில் இருக்கிறது. மலையில் அந்த நம்பிக்கை முறியவில்லை. கண் தெரியாத பக்காரைக் கைவிடாமல் பல்மா இறக்கிக் கொண்டுவந்தார். முறிந்தது கீழே, பரிசும் அச்சும் இருந்த இடத்தில்.

*

மோன் பிளாங்கின் அதே வழியில் 1820இல் ஒரு விபத்து நடந்தது. ஹாமெல் என்னும் ருஷ்ய அறிவியலாளர் வழிகாட்டிகளோடு ஏறியபோது, பக்காரும் பல்மாவும் ஏறிய அதே செங்குத்துச் சரிவில் பனி பெயர்ந்து மூன்று வழிகாட்டிகளைப் பெரும்பிளவுக்குள் தள்ளியது. உடல்கள் கிடைக்கவில்லை. பனியாறு நகரும் வேகத்தைக் கணக்கிட்ட ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அவர்கள் கீழே வெளிப்படக்கூடும் என்று கூறியிருந்தார். 1861இல் போஸோன் பனியாற்றின் அடிவாரத்தில் அவர்களின் எச்சங்கள் வெளிவரத் தொடங்கின. விபத்தில் உயிர் தப்பியிருந்த ஒரு முதியவர் அவற்றை அடையாளம் காட்டினார்.

இந்தக் கணக்கின்படி பார்த்தால், 1786 ஆகஸ்ட் 8இல் இருவரும் மாறிமாறி மிதித்த தடங்களைத் தாங்கிய அந்தச் சரிவின் பனி, பல்மா உயிரோடிருந்த காலத்திலேயே ஏறக்குறையப் பள்ளத்தாக்கை எட்டி உருகியிருக்கும். ஆர்வ் நதியில் கலந்து, ஜெனீவா அருகே ரோன் நதியைச் சேர்ந்து, மத்தியதரைக் கடலுக்குப் போய்விட்டிருக்கும். யார் முன்னே நடந்தார் என்பதற்கான நேர்ச்சான்று அவ்வளவுதான். எஞ்சியவை சொற்கள்.

மலையும் அப்படியே இல்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை உச்சியின் உயரத்தை அளந்து வருகிறார்கள்: 2021இல் 4,807.81 மீட்டர், 2023இல் 4,805.59 மீட்டர். பனிமுடியின் தடிப்பு மாறுவதற்கேற்ப உயரமும் மாறுகிறது. 2022ஆம் ஆண்டு ஜூலையில் வெம்மை மிகுந்து, பாறைகள் ஓயாமல் உருண்டதால், வழிகாட்டிகள் வழக்கமான கூத்தே வழியில் ஆட்களை அழைத்துச் செல்வதைச் சிறிது காலம் நிறுத்திவைத்தார்கள். நடுக்கோடை மேலும் மேலும் அபாயமானதாகிவரும்போது, இறுகிய பனியுள்ள முற்பருவத்தையும் பின்னிரவையும் நாடுவதன்றி மலையேறுவோருக்கு வேறு வழி குறைவு. ஜூன் மாதத்துப் பனியும், விடியலுக்கு முந்தைய இருட்டும்: 1786இல் ஒருவர் தற்செயலாகக் கற்ற பாடத்தின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது.

அப்பாடத்தைக் கற்றவர் பல்மா என்று சொல்லலாம். அதை உச்சிவரை கொண்டுசென்ற வழியைக் கண்டவர் பக்கார் என்று சொல்லலாம். இரண்டு வாக்கியங்களையும் ஒருசேரச் சொல்வது கடினமான செயலே அன்று. இரண்டு சிலைகளும் ஒரே ஊரில், நடந்து போகும் தொலைவில்தான் இருக்கின்றன. கெர்ஸ்டார்ஃப் அந்த இருவரையும் தம் தொலைநோக்கியின் ஒரே வட்டத்துக்குள் பார்த்தார். மாலை 6:23க்கு அங்கே இருவர் நின்றார்கள்.